பாம்பு வந்த நாளில் படித்த சொல் மட்டும் எப்படி நின்றது? சினாப்ஸிலிருந்து உட்கருவுக்குச் சேதி போகும் வழி பற்றி ஒரு சந்தேகம்

டலா வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், டலாவில், ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மொத்தம் 11 பேர். வீட்டிலும் வெளியிலும் பர்மீஸ்தான். தமிழ் என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதிலும் பாதி நாள் கரண்ட் இருக்காது. போன வாரம் சொன்னதை இந்த வாரம் கேட்டால், கன்னத்தில் அப்பிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து காய்வதற்குள் எல்லாம் கூரையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஜூலையில் ஒரு ஞாயிறு ழகரச் சொற்கள் 8 எழுதிப்போட்டேன். கிழங்கு, புழுதி, உழக்கு, கொழுந்து, விழுது, சோழி, மழலை, தாழ்ப்பாள். கடைசிச் சொல்லில் ழவும் ளவும் சேர்ந்து வருவதால் எல்லோருக்கும் நாக்கு சுளுக்கிக்கொண்டது. இருபது நிமிடம் சொல்லவைத்துவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து மேளம் வைக்கும் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சாரைப்பாம்பு, ஆள் நீளம் இருக்கும், சாவகாசமாக வெளியே வந்து மண்டபத்தின் குறுக்கே போனது. பிள்ளைகள் பெஞ்சின் மேல். பூசாரி கையில் தீபத்தட்டோடு தூணுக்குப் பின்னால். அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு சும்மா கேட்டுப் பார்த்தேன். 9 பேர் எட்டுச் சொல்லையும் ஒப்பித்தார்கள். தாழ்ப்பாள் உட்பட! பத்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இப்படி நடந்ததில்லை.

மருத்துவம் படிக்கும் என் அக்கா மகளிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு மேல் நிற்கும் நினைவுக்குப் புதுப் புரதம் தேவை, புரதத்துக்கான மரபணு செல்லின் உட்கருவில் இருக்கிறது, ஆகவே சினாப்ஸிலிருந்து, அதாவது இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்திலிருந்து, உட்கருவுக்குச் சேதி போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, அவசரமாகப் படகு பிடிக்கப் போய்விட்டாள். எனக்கு அப்போதிலிருந்து மூன்று குடைச்சல்.

சேதி எப்படிப் போகிறது? கரண்ட் மாதிரியா, ஆள் நடந்து போவது மாதிரியா? ஒரு நரம்பணுவில் ஆயிரக்கணக்கான சினாப்ஸ் இருக்குமாமே, எது அனுப்பியது என்று உட்கருவுக்கு எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் செய்த புரதம் சரியான இடத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? அப்புறம் மூன்றாவது, சிரிக்காதீர்கள்: பாம்புக்கும் தாழ்ப்பாளுக்கும் என்ன சம்பந்தம்?

மௌல்மீன் மருந்துக்கடை:

வாத்தியாரே, முதல் கேள்விக்கு ஒரே வரி: கரண்ட்தான். சினாப்ஸில் தட்டினால் மின்மாற்றம் கிளை வழியாகச் செல்லின் உடலுக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் வந்துவிடும். அங்கே கால்சியம் கதவுகள் திறக்கும், கால்சியம் உட்கருவை எழுப்பும். வேலை முடிந்தது. மின்னல் வேகத்தில் கம்பி இருக்கும்போது நடந்து போக ஆள் எதற்கு?

பாம்புக் கதை பிரமாதம். சாரைக்கு விஷம் இல்லை, பூசாரியிடம் சொல்லுங்கள்.

பெகு பெண்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் பெகுவில் பிறந்தவள். சிங்கப்பூரில் ஆறு வருடம் ஓர் ஆய்வகத்தில் இதே விஷயத்தைத்தான் குடைந்துகொண்டிருந்தேன். இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள ரங்கூனுக்கு வந்துவிட்டேன். இன்றைக்கு எங்கள் தெருவில் கரண்ட் இருக்கிறது, போகும்வரை எழுதுகிறேன்.

மருந்துக்கடை அண்ணன் சொன்னது பொய்யில்லை, பாதி. 2002-இல் டூடெக், ஃபீல்ட்ஸ் என்ற இருவர், சினாப்ஸைத் தொடாமல் செல் உடலில் மட்டும் மின்துடிப்பை எழுப்பினாலே உட்கருவுக்குப் போகவேண்டிய சமிக்ஞைகள் எழுகின்றன என்று காட்டினார்கள். கால்சியம் உள்ளே வந்ததும் கால்மோடுலின் என்ற சின்னப் புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஜோடி உட்கருவுக்குள் போய், அங்கே இருக்கும் நொதியைத் தூண்ட, அந்த நொதி க்ரெப் என்ற புரதத்தின் 133-வது இடத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. க்ரெப் மரபணுக்களைத் திறந்துவிடும் சாவிகளில் ஒன்று. எல்லாம் ஒன்றிரண்டு நிமிட வேலை.

ஆனால் வாசல் மணி அடித்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் தெரியும். யார், எதற்கு என்று தெரியாது. அதனால் ஆளும் போகிறான்.

அந்த ஆளின் கணக்கைப் பாருங்கள். செல் உடலிலிருந்து 300 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தள்ளி ஒரு சினாப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தலைமுடி நாலைந்தை ஒட்டிவைத்த அகலம்தான். அங்கிருந்து ஒரு புரதம் தானாக மிதந்து வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் மிதப்பில் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. வழியில் அதன் பாஸ்பேட்டைப் பிடுங்குகிற நொதிகள் வேறு உட்கார்ந்திருக்கின்றன. வந்து சேரும்போது வெறுங்கையோடு நிற்கும். அதையே டைனீன் என்ற மோட்டார் முதுகில் ஏற்றிக்கொண்டு, செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்மேல் நடந்தால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரான். 300 மைக்ரானுக்கு ஐந்து நிமிடம். (இது நிற்காமல் போனால். டென்ட்ரைட் என்ற சேதி வாங்கும் கிளையில் நுண்குழாய்கள் இரண்டு திசையிலும் கிடப்பதால் வண்டி முன்னும் பின்னும் தள்ளாடும். சூலே பகோடாச் சாலையில் சாயங்காலம் போகிற பஸ் மாதிரி.)

வந்து சேர்ந்தாலும் உட்கருவின் துளையில் காவல் உண்டு. சின்னப் புரதங்கள் நுழைந்துவிடும். பெரியவற்றுக்கு இம்போர்ட்டின் என்ற துணை வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்த இம்போர்ட்டின் வாசலில் மட்டும் நிற்பதில்லை, தூரத்துச் சினாப்ஸிலேயே காத்திருக்கிறது. கெல்ஸி மார்ட்டின் குழு 2004-இல் கடல்முயல் என்ற கடல் நத்தையினத்தின் நரம்பணுவிலும், எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் இதைக் காட்டியது. சினாப்ஸைத் தட்டினால் இம்போர்ட்டின் அங்கிருந்து கிளம்பி உட்கருவில் போய்ச் சேருகிறது. அதே குழு 2012-இல், க்ரெப்புக்குக் கைகொடுக்கும் சிஆர்டிசி1 என்ற புரதமும் சினாப்ஸிலிருந்தே பயணம் கிளம்புவதைக் கண்டுபிடித்தது.

ஆள் எதற்கு என்று கேட்டார் அண்ணன். எனக்குப் பிடித்த பதில் ஜேக்கப். இது ஜெர்மனியின் மாக்டபர்க்கில் கண்டுபிடித்த புரதம். என்எம்டிஏ என்ற கால்சியம் வாசல் சினாப்ஸுக்கு உள்ளேயும் இருக்கிறது, வெளிச்சுவரிலும் இருக்கிறது. உள்வாசல் திறந்தால் நல்ல செய்தி, பாடம் நடக்கிறது. பக்கவாதத்தில் நடப்பதுபோல் குளுட்டமேட் என்ற நரம்புச் சேதிப் பொருள் பெருக்கெடுத்து வெளிவாசலும் திறந்தால் கெட்ட செய்தி. இரண்டிலும் உள்ளே வருவது அதே கால்சியம்தான். ஜேக்கப் இரண்டு சேதிக்கும் கிளம்புகிறது, ஆனால் நல்ல செய்திக்கு 180-வது இடத்துச் செரினில் பாஸ்பேட் முத்திரையோடு. முத்திரை இருந்தால் க்ரெப் விழித்திருக்கும், செல் தழைக்கும். முத்திரை இல்லாமல் வந்தால் க்ரெப் அணையும், சினாப்ஸ்கள் வாடும். இதைத் தெளிவாக்கிய ஆய்வுக் கட்டுரை 2013-இல் வந்தது. கரண்டில் இந்த முத்திரையைக் குத்தி அனுப்ப முடியாது, அண்ணே.

நான் பட்ட பாடு ஒன்று சொல்லவா? கருவிலிருக்கும் எலிக்குஞ்சின் ஹிப்போகாம்பஸிலிருந்து நரம்பணுக்களைப் பிரித்துக் கண்ணாடிச் சில்லில் விதைப்போம். சில்லு சட்டைப் பொத்தான் அளவு. சினாப்ஸ் ஒழுங்காக அமைய இரண்டு மூன்று வாரம் ஆகும், பச்சைக்குழந்தை மாதிரி கவனிக்கவேண்டும். பிறகு பாதியைத் தூண்டி, பாதியைச் சும்மா விட்டு, ஃபார்மால்டிஹைடில் உறையவைத்து, பாஸ்பேட் ஒட்டிய க்ரெப்புக்கு ஒளிரும் சாயம் போட்டு இருட்டறையில் பார்ப்போம். தூண்டியதில் உட்கரு பச்சையாக எரியவேண்டும், சும்மா விட்டது இருட்டாக இருக்கவேண்டும். எனக்கு மூன்று மாதம் இரண்டுமே எரிந்தன. மேலே இருந்தவர் என் கைதான் சரியில்லை என்றார். கடைசியில் பார்த்தால், ஊட்டநீரைப் பாதி மாற்றுவேன் பாருங்கள், அந்த மாற்றமே செல்களை உசுப்பிவிட்டிருக்கிறது! சும்மா இருந்த செல் சும்மா இல்லை. அதன்பிறகு முந்தின நாளே டெட்ரோடோடாக்சின் போட்டுத் தூங்கவைத்துவிட்டுத்தான் தொடுவேன். பேத்தை மீனின் விஷம் அது. தண்ணீர் மாற்றினதற்கே மரபணுவைத் திறக்கிற ஜென்மம் என்று அன்றிலிருந்து நரம்பணுமேல் ஒரு பயம் கலந்த மரியாதை.

கரண்ட் போய்விட்டது. இரண்டாம் கேள்விக்கு இரவு வருகிறேன்.

மௌல்மீன் மருந்துக்கடை:

சரி தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன். டைனீன் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. வெறிநாய்க்கடி வைரஸ் ஏறுவதும் இந்த வண்டியில்தானே? காலில் கடித்தால் நோய் வர நாளாகிறது, முகத்தில் கடித்தால் சீக்கிரம் வருகிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதனால்தானா?

பெகு பெண்:

அதே வண்டிதான். பாதத்திலிருந்து முதுகுத்தண்டுவரை நரம்பணுவின் ஒற்றை இழை ஒரு மீட்டர் நீளம். நொடிக்கு ஒரு மைக்ரான் என்றால் நீங்களே வகுத்துப் பாருங்கள், பதினொன்றரை நாள். வைரஸ் அதற்கு முன் தசையிலேயே வாரக்கணக்கில் தங்குவதும் உண்டு, அதனால் மொத்தம் மாதக்கணக்கில் போகலாம். முகத்துக்குப் பாதை குறைவு.

நரம்பு அறுந்தாலும் இந்தப் பாதைதான். காயம் பட்ட இடத்திலேயே இம்போர்ட்டின் புதிதாக உருவாகி, "இங்கே அறுந்துவிட்டது" என்ற சேதியை டைனீன்மேல் ஏற்றி அனுப்புகிறது. 2003-இல் ஃபைன்ஸில்பர் குழு கண்டது.

மௌல்மீன் மருந்துக்கடை:

கடைக்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலில்தானே கடித்தது, நாள் இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்பிக்கொண்டு பத்தாம் நாள் என் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

பெகு பெண்:

வந்துவிட்டேன். வாத்தியார் ஐயா, உங்கள் இரண்டாம் கேள்வி இந்தத் துறையையே ரொம்ப காலம் படுத்திய கேள்வி. புதுப் புரதம் இல்லாமல் நீண்ட நினைவு இல்லை என்று 1963-இலேயே ஃப்ளெக்ஸ்னர் குழு சுண்டெலி மூளையில், புரதம் உருவாவதைத் தடுக்கும் பியூரோமைசின் மருந்தைச் செலுத்திக் காட்டிவிட்டது. ஆனால் உட்கரு ஒன்று, சினாப்ஸ் ஆயிரமாயிரம். ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுதிப் பார்சல் கட்டுகிறதா?

நீங்கள் டலாக்காரர், உங்களுக்குத் தண்ணீர் லாரியை நான் விளக்கவேண்டாம். ஏப்ரலில் குளம் வற்றிவிடும். தெருவில் யாரோ ஒருவர் புண்ணியவான்களுக்குப் போன் போடுகிறார். லாரி வருகிறது. போன் போட்டது யார் என்று லாரிக்காரருக்குத் தெரியுமா? அவர் கேட்பதும் இல்லை. வாசலில் குடம், டிரம் வைத்திருக்கும் வீட்டுக்கெல்லாம் குழாயை நீட்டுகிறார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவருக்குத் தண்ணீர் இல்லை.

சினாப்ஸிலும் இதே ஏற்பாடுதான். உட்கரு செய்யும் புரதம் கிளைகள் எல்லாவற்றுக்கும் போகிறது. தட்டப்பட்ட சினாப்ஸ் மட்டும் வாசலில் குடம் வைத்திருக்கும். 1997-இல் ஃப்ரேயும் மாரிஸும் எலியின் ஹிப்போகாம்பஸ் துண்டில் ஒரே செல்கூட்டத்துக்கு வரும் இரண்டு பாதைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை மெல்லத் தட்டினால் அது சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் கிட்டத்திய நேரத்தில் மற்ற பாதையைப் பலமாகத் தட்டினால், மெல்லத் தட்டியதும் நிலைத்துவிடுகிறது! போன் போட்டது எதிர்வீட்டுக்காரர். தண்ணீர் பிடித்தது, குடம் வைத்த இவரும்தான்.

குடம் ரொம்ப நேரம் வெளியே இருக்காது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் உள்ளே போய்விடும், அப்புறம் லாரி வந்து பயனில்லை. குடம் என்று நான் சொல்வது ஒரே மூலக்கூறும் இல்லை. சினாப்ஸுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகள், சில நொதிகள் எல்லாம் சேர்ந்து தற்காலிகமாக எடுக்கும் ஒரு நிலை.

லாரியும் சும்மா வந்துவிடாது, ஒரே ஒரு போனுக்கு யார் அனுப்புவார்கள்? யசுதா என்பவரின் ஆய்வகம் 2013-இல் கிளையில் சினாப்ஸ் அமர்ந்திருக்கும் சின்ன முள் போன்ற புடைப்புகளை ஒவ்வொன்றாக லேசரால் தட்டிப் பார்த்தது. 3 முதல் 7 முள் தட்டினாலே உட்கருவில் எர்க் என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அதுவும் ஒரே கிளையில் இல்லாமல் பல கிளைகளில் பரவலாகத் தட்டினால் இன்னும் நன்றாக. ஒரே வீட்டிலிருந்து ஏழு போன் வருவதைவிடத் தெருவுக்கு ஒன்றாக வந்தால் நம்புகிறது போலும்.

இப்போது உங்கள் பாம்பு. குடமும் லாரியும் முழு மிருகத்துக்கும் பொருந்துமா என்று அர்ஜென்டினாவில் ஹைடீ வியோலாவின் குழு பார்த்தது. எலிக்கு மறந்துபோகிற அளவு லேசான பாடம். அதற்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ அது பார்த்தேயிராத புது இடத்தில் உலவவிட்டார்கள். லேசான பாடம் நின்றுவிட்டது. பிறகு 2013-இல் அங்கே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடமே செய்தார்கள். ஒரு கதை சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் முன்போ பின்போ, சம்பந்தமே இல்லாத ஒரு புது அறிவியல் வகுப்பு. மறுநாள் கதை நன்றாக நினைவிருந்தது. நான்கு மணி நேரம் தள்ளி நடத்தினால் பலனில்லை.

உங்கள் பாம்பு வந்தது அரை மணி நேரத்தில். கணக்கு அழகாக ஒத்துவருகிறது. ஆனால் நான் உங்கள் பாம்புக்குச் சான்றிதழ் தரமாட்டேன். பயந்தால் நார்அட்ரீனலின் சுரக்கும், அதுவே தனியாக நினைவைக் கெட்டிப்படுத்தும். இன்னொன்று: அந்தப் பிள்ளைகள் வாரம் முழுக்க அக்கம்பக்கத்தில் பாம்புக் கதை சொல்லியிருப்பார்கள். "வாத்தியார் எங்களைத் தாழ்ப்பாள் தாழ்ப்பாள்னு கத்தவிட்டாரு, அப்புறம் பாம்பு வந்துச்சு" என்று பத்துத் தடவை சொன்னால் பாம்பே இல்லாமலும் சொல் நிற்கும்.

டலா வாத்தியார்:

அம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். லாரிக்காரர் யார் போன் போட்டது என்று கேட்பதில்லை என்பது முழு உண்மை. நாலு வருடமாக எங்கள் தெருவுக்குப் போன் போடுகிறவன் நான்தான், எங்கள் டிரம்முக்கு எப்போதும் கடைசி முறைதான் வருகிறது.

நீங்கள் சொன்னதை வைத்து இரண்டு பிள்ளைகளின் தாயாரைக் கேட்டேன். ஒருத்தி வீட்டில் பாம்புக் கதை வாரம் முழுக்க ஓடியிருக்கிறது, தாழ்ப்பாளும் அதில் வந்திருக்கிறது. இன்னொருத்தி, பையன் பயந்துபோய் வாயே திறக்கவில்லை என்கிறார். அவனும் எட்டும் சொன்னவன். ஆளுக்கொரு பக்கம் சாய்கிறது.

போன ஞாயிறு பாம்புக்குப் பதில் வேறு செய்துபார்த்தேன். 9 மணிக்கு ளகரச் சொற்கள் 8. முக்கால் மணி நேரம் கழித்து வெயிலில் பூதக்கண்ணாடியால் காய்ந்த வாழைச்சருகில் புகை வரவைத்துக் காட்டினேன். யாரும் பார்த்ததில்லையாம். ஒரே கூத்து. நாளை கேட்கிறேன்.

மௌல்மீன் மருந்துக்கடை:

வாத்தியாரே, 11 பேரில் 9 பேர் சொன்னார்கள் என்றீர்கள். எனக்கு அந்த மீதி இரண்டு பேர்தான் உறுத்துகிறார்கள். அவர்களும் அதே பாம்பைத்தானே பார்த்தார்கள்?

டலா வாத்தியார்:

பார்த்தார்கள். ஒருவன் சொற்கள் சொல்லவைத்த நேரத்தில் மண்டபத்திலேயே இல்லை. பூசாரி கற்பூரம் வாங்கிவர அனுப்பியிருந்தார். அவன் திரும்பி உள்ளே கால் வைத்ததும் பாம்பு. இன்றைக்கும் பாம்பின் நீளம், நிறம், எந்தத் தூண் வழியாகப் போனது எல்லாம் சொல்கிறான். கிழங்கு என்றால் முழிக்கிறான்.

மற்றவள் சின்னப் பெண், ஏழு வயது. நேற்று தனியாகக் கேட்டேன். எட்டும் தெரியுமாம். ழ வரவில்லை, சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். என் காதருகே வந்து "தாள்ப்பாள்" என்றாள்.